ஏறின இடம், இறங்குற இடம்

தமிழ்நாட்டிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து, நாற்பது பேர் முன்னால், "போன வருசம் எத்தன கிலோ, இந்த வருசம் எத்தன கிலோ?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, கை கால் முழுசாக வீடு திரும்பிய ஒரே கண்டக்டர் எங்கள் டார்கெட்டு அண்ணன்தான். கேட்கப்பட்ட பெண் நான். வேறு யாராவது கேட்டிருந்தால் டிபன் பாக்ஸாலேயே மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். அவர் கேட்டபோது மட்டும் வெட்கத்தை விட்டு, "ரெண்டு கிலோ கூடிருச்சுண்ணே" என்று உண்மையைச் சொன்னேன். பஸ்ஸே "உச்" கொட்டியது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குக் காலையில் ஒரு தனியார் பஸ் கிளம்பும். அதன் நெற்றியில் பெரிதாக ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அது எட்டே முக்கால் வண்டி. நான் திருச்சுழியில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சர். வீட்டில் கன்னடம், ஆபீஸில் தமிழ், சூப்பிரண்டிடம் மௌனம் என்று மூன்று மொழிகளில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து சில மாதம் கழித்து வந்த புத்தாண்டு லீவுக்கு மறுநாள்தான் டார்கெட்டு அண்ணன் எனக்கு முதன்முதலாக டார்கெட் டிக்கெட் கொடுத்தார்.

"எங்க?" என்றார்.

"திருச்சுழி ஒண்ணு."

"அது வண்டி போற எடம். இந்த வருசம் நீங்க எங்க போறீக?"

நான் முழித்தேன். காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்திருக்கிறாரோ என்று மூக்கைக்கூட லேசாக உறிஞ்சிப் பார்த்தேன். திருநீறு வாசனைதான் வந்தது. டிரைவர் சண்முகையா அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "எதையாச்சும் சொல்லிருங்க தாயி. சொல்லலன்னா வண்டிய எடுக்க விட மாட்டான்" என்றார்.

அவசரத்தில் வாய்க்கு வந்தது, "உடம்பைக் குறைக்கணும்."

டார்கெட்டு அண்ணன் பைக்குள்ளிருந்து பழைய டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்தார். டிக்கெட் அடிக்கிற மெஷின் வந்தபோது மிஞ்சிப்போன கட்டுகளை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஒன்றைக் கிழித்து, திருப்பி, காதில் சொருகியிருந்த பேனாவால் இரண்டு வரி எழுதினார். 'ஏறுற இடம்', 'இறங்குற இடம்'. ஏறுற இடத்தில் எழுதத்தான் என் எடையைக் கேட்டார். நான் காதருகே சொன்னேன். அவர் அதை ஊருக்கே கேட்கும்படி திரும்பச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"எதுக்குண்ணே அதெல்லாம்? எவ்வளவு குறைக்கணும்னு மட்டும் எழுதுங்களேன்."

"நல்லா இருக்கே! எங்க ஏறுனீகன்னே தெரியாம, எங்கிட்டுப் போய் இறங்குவீக?"

டிக்கெட்டை வாங்கி டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தினப்படிப் பயணிகள் எல்லாரிடமும் இப்படி ஒரு டிக்கெட் இருந்தது. உரக்கடை அண்ணாச்சி ஏறின இடம் தினம் எட்டு டீ, இறங்க வேண்டிய இடம் மூன்று டீ. கிராம சுகாதார நர்ஸ் பாக்கியம் ஏறினது 'பிள்ளைகளிடம் தினமும் கத்துவது', இறங்க வேண்டியது 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் கத்துவது'. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்று வந்த பிறகும் நானும் நர்ஸும் காசு கொடுத்து எட்டே முக்கால் வண்டியில்தான் போனோம். வீட்டில் காரணம் கேட்டால் என்ன சொல்வது? "அங்கே என் டார்கெட் இருக்கு" என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள்.

டிக்கெட் கொடுத்ததோடு விடுகிற ஆள் இல்லை அவர். நடுவில் ஸ்டேஜ் உண்டு. செக்கிங் உண்டு. முன்னேறுகிறவர்களுக்கு டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட். நின்ற இடத்திலேயே நிற்பவர்களுக்குப் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள சீட். திருச்சுழி ரோட்டில் அந்தச் சீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து வந்தால், எப்பேர்ப்பட்ட சோம்பேறிக்கும் வாழ்க்கையில் உருப்பட வேண்டும் என்கிற வைராக்கியம் முதுகெலும்பு வழியாக ஏறிவிடும்.

ஒருநாள் சாயங்காலம் திருச்சுழி ஸ்டாண்டில் உரக்கடை அண்ணாச்சி நாலாவது டீயை வாய்க்குக் கொண்டுபோனார். எங்கிருந்தோ 'பீப்' என்று ஒரு விசில். அண்ணாச்சியின் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் கையும் நின்றது. அண்ணாச்சி நல்ல பிள்ளையாக டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் டார்கெட்டு அண்ணன் 'பீப் பீப்' என்று இரண்டு விசில் கொடுத்தார். ஸ்டாண்டில் நின்ற வேறொரு பஸ்ஸின் டிரைவர், தன் கண்டக்டர்தான் 'போகலாம்' என்று ஊதிவிட்டார் என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். அந்தக் கண்டக்டர் பாவம், டீக்கடை பெஞ்சில் பாதி வடையோடு உட்கார்ந்திருந்தார். அவரை எங்கள் வண்டியில் ஏற்றி, துரத்திப் போய், பாதி வழியில் அவருடைய பஸ்ஸில் சேர்த்தோம். சும்மா விட்டாரா டார்கெட்டு அண்ணன்? போகிற வழியில் அவருக்கும் ஒரு டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சொந்த டிரைவரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. சண்முகையா அண்ணனுக்கு ஹார்ன் அடிக்கிற வியாதி இருந்தது. ரோட்டில் எதிரே யாரும் இல்லாவிட்டாலும், இல்லாததற்காக ஒன்று அடிப்பார். நான் ஏறத் தொடங்கிய மூன்றாவது வருஷம் அவர் டிக்கெட்டில் இறங்குற இடம், 'ஹார்ன் இல்லாமல் ஒரு வருசம்'. மனிதர் வாக்கைக் காப்பாற்றியே தீருவதென்று நின்றார். அதற்கப்புறம் ரோட்டில் ஆட்டு மந்தை நின்றால் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் ஒதுங்குங்கப்பா, ஆபீஸுக்குப் போறவுக எல்லாம் இருக்காக" என்று ஆடுகளிடம் தன்மையாகச் சொல்லுவார். ஆடுகள் அரசு ஊழியர்களை மதித்ததாகத் தெரியவில்லை. தாமதத்துக்கு நான் சூப்பிரண்டிடம் திட்டு வாங்கினேன்.

சூப்பிரண்டு என்றதும்தான் என் மூன்றாவது வருஷ டார்கெட் ஞாபகம் வருகிறது. எனக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. யார் எந்த ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும், "சரி சார்" என்பேன். ஆபீஸில் பாதிப் பேருடைய வேலையை நான்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்த ஜனவரியில் ஏறுற இடம் 'சரி சார்', இறங்குற இடம் 'மாட்டேன்'. ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்று டார்கெட்டு அண்ணன் சலுகை கொடுத்தார். பயிற்சியும் அவரே கொடுத்தார். ஒருநாள் ஒரு பெரியவரைக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தி, "டைப்பிஸ்டக்கா, எந்திரிச்சு இவுகளுக்கு எடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணைச் சிமிட்டினார். 'மாட்டேன்' என்று சொல்ல வேண்டுமாம். நான் வாயைத் திறந்தேன். "சரிண்ணே" என்று எழுந்துவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் தெரியாத பெரியவர் என்னை நூறு வயசு இருக்கச் சொல்லி வாழ்த்தினார். டிசம்பர் வரைக்கும் நான் பின்சக்கரத்து மேலேதான்.

வருஷக் கடைசி நாள் சாயங்கால ட்ரிப்பில்தான் விசாரணை. திருச்சுழியில் கிளம்பி அருப்புக்கோட்டை வந்து சேர்வதற்குள் எல்லாருடைய டிக்கெட்டையும் சத்தமாக வாசிப்பார். முடித்தவர்களுக்குக் கைதட்டல். முடிக்காதவர்களை அவர் திட்டியதே இல்லை. எந்த ஸ்டேஜ் வரைக்கும் வந்தார்கள் என்று மட்டும் கேட்டு, புது டிக்கெட்டில் அதையே ஏறுற இடமாக எழுதுவார். எட்டு டீ அண்ணாச்சி முதல் வருஷம் ஐந்தில் வந்து நின்றபோது, "எல்லாம் போச்சு, திரும்ப மொதல்ல இருந்துதான்" என்று சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"என்னத்துக்கு அண்ணாச்சி மொதல்ல இருந்து? பாதி வழியில வண்டி பஞ்சராயிருச்சுன்னா, அருப்புக்கோட்டைக்குத் திரும்ப நடந்து போயா அடுத்த வண்டியில ஏறுவீக? நின்ன எடத்துலயே ஏறுங்க. அஞ்சு டீயில இருந்து டிக்கெட்டு போட்டுருக்கேன்."

வாழ்க்கையில் நான் எழுதிக் கிழித்த புத்தாண்டுத் தீர்மானங்களை அடுக்கினால் ஒரு அலமாரி கொள்ளாது. ஒவ்வொரு ஜனவரியும் பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகப் பிறந்தவள் மாதிரி ஆரம்பித்திருக்கிறேன். நின்ற இடத்திலிருந்து ஏறலாம் என்று எனக்குச் சொன்னது அவர் ஒருவர்தான்.

ஆனால் ஒரு சட்டம் உண்டு. ஏறின இடத்திலேயே, ஒரு ஸ்டேஜ்கூட நகராமல், மூன்று வருஷம் நின்றால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். அதற்கப்புறம் ஆயுசுக்கும் டார்கெட் கிடையாது. ஒரு தலைமைக் குமாஸ்தாவுக்கு அப்படிக் கிழித்திருக்கிறார். அந்த மனிதர் ஒரு வாரம் வேறு பஸ்ஸில் போய்ப் பார்த்தார். அங்கே யாரும் அவரை எதுவுமே கேட்காததால் மனசு உடைந்து திரும்பி வந்தார். கிழித்தது கிழித்ததுதான்.

இந்தச் சட்டம் அவரையே வந்து பிடிக்கும் என்று யார் கண்டது?

விசாரணையில் கடைசி டிக்கெட் அவருடையது. அருப்புக்கோட்டை ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைந்து, ஜனங்கள் முட்டி மோதி இறங்குகிற நேரமாகப் பார்த்து, "கண்டக்டரு, ஏறுன எடத்துலயே" என்று ஒரே மூச்சில் சொல்லி விசிலை ஊதிவிடுவார். இரண்டு வருஷமாக இது நடந்தும் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வருஷம் டிசம்பர் பிறந்ததும் நர்ஸ் பாக்கியம்தான் கண்டுபிடித்தார்.

"ஏக்கா, எல்லாத்தையும் கேக்காரே, இவுக டார்கெட்டு என்னன்னு நாம கேட்டமா?"

மறுநாள் காலை ஸ்டாண்டில் வழிமறித்தோம். தினமும் போலவே ஒரு மொபெட்டின் பின்சீட்டிலிருந்து இறங்கினார். ஓட்டி வந்தது அவர் வீட்டம்மா பேச்சியம்மா. விசைத்தறிக் கூடத்தில் வேலை. அவரை இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டார்கெட்டு அண்ணன் பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

ஏறுற இடம்: பின்சீட்டு. இறங்குற இடம்: முன்சீட்டு.

"எனக்கு ரெண்டு சக்கரம் ஓட்டத் தெரியாதுக்கா" என்றார். சின்ன வயசில் கண்மாய்க் கரையிலிருந்து சைக்கிளோடு உருண்டவராம். அதிலிருந்து பயம். "பதினெட்டு வருசமா அவதான் என்னயக் கொண்டாந்து விடுறா, கூட்டிட்டுப் போறா. ஒரே ஒரு தடவ கேட்டா. 'நான் ரோட்ட மட்டுந்தான் பாத்துக்கிட்டு ஓட்டுறேன். ஒரு நாளாச்சும் பின்னால உக்காந்து அங்கிட்டும் இங்கிட்டும் வேடிக்க பாத்துக்கிட்டு வரணும்'னு. நக கேக்கல, சேல கேக்கல. இதத்தான் கேட்டா."

"கத்துக்கிற வேண்டியதுதானண்ணே?"

"ரெண்டு வருசமா எல்எல்ஆர் எடுக்கேன், காலாவதியாகுது, திரும்ப எடுக்கேன். வண்டியில ஏறி உக்காந்தாலே காலு வெடவெடங்குது. வார முப்பத்தொண்ணோட மூணு வருசம். என் டிக்கெட்ட நானே கிழிக்கணும். அதோட டார்கெட்டு எழுதுறதயும் நிப்பாட்டிருவேன். டிக்கெட்டு இல்லாதவன் அடுத்தவனுக்கு டிக்கெட்டு குடுக்கலாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பின்சக்கரத்து மேலேயாவது எனக்கென்று ஒரு சீட் இருந்தது, அதுவும் போய்விடுமா? "இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல? பாத்துருவோம்" என்றார் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன் அவர் பேசுகிற அதே குரல்.

நர்ஸ் கிராமங்களுக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டியைத் திருச்சுழியில் நிறுத்தி வைத்திருந்தார். மதியம் பஸ் ஓய்வெடுக்கிற முக்கால் மணி நேரம், கண்மாய்க்குப் பக்கத்துப் பொட்டலில் பயிற்சி. நான் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் நிற்பேன். சண்முகையா அண்ணன் தூக்குவாளியோடு நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

முதல் நாள் நடந்ததை நான் சாகும்வரை மறக்க முடியாது. டார்கெட்டு அண்ணன் நர்ஸின் ரோஸ் கலர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, தைரியத்துக்கு விசிலை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்கூட்டியில் ஏறினார். தாமாகவே இரண்டு விசில் கொடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆச்சரியம், வண்டி நேராகப் போனது. நாங்கள் கை தட்டினோம். எதிரே சீமைக்கருவேலம் புதர். நர்ஸ், "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினார். டார்கெட்டு அண்ணன் பதறாமல், கம்பீரமாக, 'பீப்' என்று ஒரு விசில் ஊதினார். ஊதிவிட்டு வண்டி நிற்கும் என்று காத்திருந்தார். வண்டி நிற்கவில்லை. திரும்ப 'பீப்' என்றார். அதற்குள் புதர் வந்துவிட்டது.

முள் எடுத்து முடிக்க நர்ஸுக்கு அரைமணி நேரம் ஆனது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே புதர், அதே விசில். கை பிரேக்கை நெருங்கவே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் ஊதுவார், வண்டி நிற்கும். நிறுத்துவது வேறொருவர் கால் என்பது அவர் உடம்புக்குத் தெரியவே தெரியாது.

அதுவரை நிழலில் இருந்த சண்முகையா அண்ணன் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏலே, அந்த விசில இங்கிட்டுக் குடு."

"எதுக்குண்ணே?"

"இத்தன வருசமா நீ ஊதுன, நான் புடிச்சேன். இப்ப நான் ஊதுறேன், நீ புடி."

அவ்வளவுதான். சண்முகையா அண்ணன் ஒன்று ஊதினார், டார்கெட்டு அண்ணனின் விரல்கள் பிரேக்கில் மடங்கின. வண்டி புதருக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. அவர் வண்டியையும், தன் கையையும், எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நர்ஸ் குதித்தார். நான் என் ஆபீஸ் பேப்பரில் பெரிய சிவப்பு எல் எழுத்து ஒன்று அடித்துக்கொண்டுவந்து ஸ்கூட்டியில் ஒட்டினேன். சூப்பிரண்டு கலர் பிரிண்ட் எதற்கு என்று கேட்டால் என்ன ஆகும் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி வந்தது. நர்ஸ்தான் நீதிபதி. திருச்சுழி எல்லையிலிருந்து அவருடைய துணை சுகாதார நிலையத்துக்கு ரோடு பிரிகிற விலக்கு வரைக்கும் டார்கெட்டு அண்ணன் தனியாக ஓட்ட வேண்டும். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். கீழே விழுந்தாலோ, விசில் இல்லாமல் காலை ஊன்றினாலோ டிக்கெட் கிழியும். நாங்கள் பஸ்ஸில் பின்தொடர்வோம். விசிலை ஊத வேண்டியது நான். கண்டக்டர் பையும் என் தோளுக்கு வந்தது.

"அக்கா, சத்தமா ஊதணும். ஒங்களுக்குப் பேச்சே சத்தமா வராதே" என்று பயந்தார் டார்கெட்டு அண்ணன்.

நான் முன்படியில் நின்று இரண்டு விசில் கொடுத்தேன். ரோஸ் ஹெல்மெட் கிளம்பியது. பின்னாலேயே எங்கள் பஸ், நடை வேகத்தில். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். "நேரா பாரு!" "தோள எறக்கு!" "மாடு வருது, மாடு வருது!" பள்ளம் வந்தபோது ஒரு விசில் கொடுத்தேன். ஸ்கூட்டி நின்றது. பஸ்ஸும் நின்றது. சண்முகையா அண்ணனின் காலுக்கும் அதே விசில்தானே பழக்கம்! நின்றுகொண்டு வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இரண்டு விசில். ஸ்கூட்டியும் பஸ்ஸும் சேர்ந்து கிளம்பின.

இதெல்லாம் தெரியாமல் திருச்சுழியில் ஏறிய ஒரு வெளியூர்க்காரர் முன் சீட்டில் இருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் பெட்டி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா கண்டக்டரம்மா, நான் மதுர பஸ்ஸப் புடிக்கணும். எவனோ ஸ்கூட்டி பழகுறதுக்கு ஊர்கோலமா போவீங்க? முந்திப் போகச் சொல்லும்மா!"

"மாட்டேன்."

சொன்னது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். உரக்கடை அண்ணாச்சி, "டைப்பிஸ்டக்கா எறங்கியாச்சுடோய்!" என்று கூவினார். நர்ஸ் என்னைக் கட்டிக்கொண்டார். வெளியூர்க்காரர் அரண்டுபோய், "என்னய்யா நடக்குது இந்த வண்டியில?" என்று கேட்டார். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். பின்சீட்டு, முன்சீட்டு, பேச்சியம்மா, மூன்று வருஷம், எல்லாம். அதைக் கேட்டு முடித்த வெளியூர்க்காரர் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே போய், "விடாதய்யா! அப்படியே புடி!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். மதுரை பஸ் அவருக்கு மறந்தே போனது.

விலக்குக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதுதான் ஆடுகள் வந்தன. மக்காச்சோளக் காட்டிலிருந்து திடீரென்று ஒரு மந்தை, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். நான் ஒரு விசில் கொடுக்க வாயில் வைத்தேன். இவர் மந்தைக்கு நடுவே நின்றால், ஓடுகிற ஓட்டத்தில் ஆடுகள் முட்டிக் கீழே தள்ளிவிடும். நிற்கச் சொல்வதா, போகச் சொல்வதா? சண்முகையா அண்ணனைப் பார்த்தேன். அவர் ஹார்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம். ஜனவரி ஒன்றிலிருந்து அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவைகூட அமுக்காத ஹார்ன். இன்னும் ஒரு மணி நேரம் தாண்டினால் கைதட்டல். "போகுது போ" என்றார். உள்ளங்கையை வைத்து அமுக்கினார். பன்னிரண்டு மாச ஹார்னும் மொத்தமாக வெளியே வந்தது. ஆடுகள் இரண்டு பக்கமும் காட்டுக்குள் பாய்ந்தன. மேய்க்கிறவரும் பாய்ந்தார். நடுவில் திறந்த வழியில் ரோஸ் ஹெல்மெட் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது.

விலக்கு தெரிந்தது. நான் ஊத வேண்டும். ஊத மூச்சு வரவில்லை. சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை, விசிலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்போது வெளியூர்க்காரர் இரண்டு விரலை நாக்குக்குக் கீழே மடித்து ஒரு சீட்டி அடித்தார் பாருங்கள், அது அருப்புக்கோட்டைக்கே கேட்டிருக்கும். ஸ்கூட்டி நின்றது. பஸ் நின்றது. எதிரே வந்த லாரிகூட நின்றது.

டார்கெட்டு அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. "எறங்கலாமா?" என்று நர்ஸிடம் கேட்டார். "எறங்குங்கண்ணே" என்றார் நர்ஸ். அந்த வருஷம் விசாரணையில் சண்முகையா அண்ணன் டிக்கெட்டை வாசித்தபோது, "வருசத்துக்கு ஒரு மணி நேரந்தான் பாக்கி. அந்த ஒரு மணி நேரத்த எனக்குக் குடுத்துட்டாரு" என்றார் டார்கெட்டு அண்ணன். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

ஸ்டாண்டில் பேச்சியம்மா வழக்கம்போல மொபெட்டோடு நின்றார். நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகாமல், பஸ் வரும் நேரம் பார்க்கிறவர்கள் மாதிரி சுற்றி நின்றோம்.

"பேச்சி, தள்ளி உக்காரு."

"எங்க?"

"பின்னால."

பேச்சியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, பின்னால் நகர்ந்தார். டார்கெட்டு அண்ணன் என் கழுத்திலிருந்த விசிலை வாங்கி அவரிடம் கொடுத்தார். "நிப்பாட்டணும்னா ஒண்ணு, போகணும்னா ரெண்டு."

"எங்க நிப்பாட்டணும்னு எனக்கென்ன தெரியும்?"

"ஒனக்குத் தெரியாததா? நீதான இத்தன வருசமா ஓட்டுன."

பேச்சியம்மா இரண்டு விசில் கொடுத்தார். மொபெட் கிளம்பியது. பதினெட்டு வருஷமாகத் தினம் போய்வந்த தெருவில், ஜவுளிக்கடை பொம்மைகளையும், பூக்கடைகளையும், பரோட்டாக் கல்லையும், அங்கிட்டும் இங்கிட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

புத்தாண்டு லீவுக்கு மறுநாள், புது வருஷம், புது டிக்கெட். எனக்கு ஏறுற இடம் 'முன்பின் தெரியாதவரிடம் மாட்டேன்', இறங்குற இடம் 'சூப்பிரண்டிடம் மாட்டேன்'. அவருக்கு ஏறுற இடம் 'விசிலோட பிரேக்கு', இறங்குற இடம் 'விசில் இல்லாம பிரேக்கு'. அது நடந்து சில வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காலையில் மொபெட் ஸ்டாண்டுக்குள் வரும்போது, பின்னால் பேச்சியம்மா ராணி மாதிரி உட்கார்ந்து ஒரு விசில் கொடுப்பார். வண்டி நிற்கும். விசாரணையில் டார்கெட்டு அண்ணன் ஒவ்வொரு வருஷமும், "அர ஸ்டேஜ் வந்துருக்கேன்க்கா, இன்னும் விசிலு வேண்டியிருக்கு" என்பார். பேச்சியம்மாவுக்கு அந்த விசிலைக் கழற்ற மனசே இல்லை.

போன பங்குனியில் ஒருநாள் மதியம், லீவு போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு முறை ஓய்வில் இருந்த டார்கெட்டு அண்ணன் தனியாக மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். குறுக்கே ஒரு நாய் ஓடியது. சுற்றுவட்டாரத்தில் எங்கும் விசில் இல்லை. அவர் பிரேக்கைப் பிடித்து, அலுங்காமல் குலுங்காமல் நிறுத்தி, நாயைப் போகவிட்டு, ஒற்றைக் கையால் மூக்கைச் சொறிந்துகொண்டு கிளம்பிப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் விசாரணையிலும் 'அர ஸ்டேஜ்' என்றுதான் சொன்னார். நான் பின்சக்கரத்து மேல் சீட்டில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து "உச்" கொட்டினேன்.